மலைவழி நடையும் சாவக ஒழுக்கமும்

இல்லறத்தார்க்குரிய குணவிரதங்கள் மூன்றனுள் அனர்த்ததண்ட விரதமும் ஒன்று. பயன் ஏதுமின்றிப் பிற உயிர்களுக்குத் துன்பம் விளைக்கும் செயல்களினின்றும் விலகி நிற்றலே அதன் பொருள். ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்வகைச் செயல்களை ஐந்தாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றாகப் பிரமாதசரியையைக் கூறுகின்றார். காரணமின்றி நிலத்தைக் கிளறுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை எழுப்புதல், செடி கொடிகளை ஒடித்தல் ஆகியவை அதனுள் அடங்கும். இவற்றோடு, வீணே அலைதலையும் பிறரை அலையச் செய்தலையும் அவர் சேர்த்துள்ளார். அந்நூலின் கருத்தைத் தமிழில் குறட்பாக்களாகத் தரும் அருங்கலச்செப்பை நம் இல்லங்களில் பலர் மனப்பாடமாகவே அறிவர்.

இங்கே ஒரு வினா எழுகின்றது. விடுமுறை நாட்களில் குன்றுகளிலும் காட்டோரங்களிலும் குழுவாக நடந்து, பழஞ்சின்னங்களைக் கண்டு வரும் வழக்கம் இப்போது இளைஞரிடையே பெருகியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் இதில் ஆர்வம் காட்டுகின்றனர். இது விரதம் விலக்கிய வீண் அலைதலா, அன்றி அறத்தின்பாற்பட்ட யாத்திரையா? "மலைமேல் ஏறிப் புல்லையும் எறும்பையும் மிதித்து வருவதில் என்ன புண்ணியம்?" என்று கேட்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. அவர்கள் கேள்வியைப் பழமை என்று தள்ளிவிடுதல் சரியன்று. அது ஆகமத்தின் உள்ளிருந்தே எழும் கேள்வி.

விடையும் ஆகமத்தின் உள்ளேயே இருக்கின்றது. நடத்தலே குற்றமாயின் முனிவர்க்கு விகாரம் விதிக்கப்பட்டிராது. ஓரிடத்தில் வேரூன்றிப் பற்றுக் கொள்ளாதிருக்க, ஊர்தோறும் கால்நடையாகச் செல்லுதல் அவர்க்குக் கடமை. ஆனால் அந்நடைக்கு ஈர்யா சமிதி என்னும் வரம்பு உண்டு. பகலொளியில் மட்டுமே நடத்தல், பிறர் நடந்து தேய்ந்த வழியிலேயே நடத்தல், நான்கு முழத் தொலைவு முன்னே நோக்கி உயிரினங்களை விலக்கி அடி வைத்தல், தகுந்த நோக்கத்தோடு நடத்தல் ஆகியவை அதன் கூறுகள். இல்லறத்தார்க்கு இது முழுமையாக விதிக்கப்படவில்லை எனினும், மலைவழியில் காலடி வைக்கும் நாளிலேனும் இதனைக் கைக்கொள்ளலாம். நோக்கமும் கவனமும் உடைய நடை பிரமாதசரியை ஆகாது. அவ்விரண்டும் இல்லாதபோது திருமலைக்கே சென்றாலும் அது அலைச்சல்தான்.

நடந்து தேய்ந்த வழியை விட்டு விலகாதிருத்தல் என்னும் ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். காட்டுயிர்க் காவலர் இன்று நடையாளர்க்குச் சொல்லும் முதல் அறிவுரையும் இதுவே. புல்வெளியின் குறுக்கே புதுத்தடம் ஒன்று விழுந்தால், மழைநீர் அத்தடத்தைப் பற்றி ஓடி மண்ணை அரித்துச் செல்லும். தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகள் மிதிபடும். கல்லைப் புரட்டினால் அதனடியில் வாழும் தேளும் பூரானும் பல்லியும் இருப்பிடம் இழக்கும். இவற்றை இன்றைய அறிவியல் ஒரு மொழியிலும், நம் ஆசாரியர் மற்றொரு மொழியிலும் கூறினர் என்றே நாம் கருதுகிறோம்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். முனிவர் மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்குவது, ஈரத்தில் பெருகும் சிற்றுயிர்கள் மிதிபடக் கூடாது என்பதற்காக. அந்தச் சாதுர்மாசம் ஆஷாடத்தில் தொடங்கித் தீபாவளியாகிய மகாவீரர் நிர்வாண நாளோடு நிறைவுறும். ஆனால் தமிழகத்தின் பெரும்பகுதியில் வடகிழக்குப் பருவமழை வலுப்பதே அப்போதுதான். பஞ்சாங்கப்படி தடை நீங்கிவிட்டது என்று ஐப்பசி, கார்த்திகையில் குன்றேறப் புறப்படுவது விதியின் சொல்லைக் காத்து அதன் காரணத்தை விடுவதாகும். தை பிறந்த பின் செல்லுதலே நன்று. அம்மாதங்களிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. அதனைக் கீழே காண்க.

அரிட்டாபட்டி

மேற்சொன்ன நோக்கமும் கவனமும் ஒருங்கே வேண்டப்படும் இடத்திற்கு எடுத்துக்காட்டாக மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்திலுள்ள அரிட்டாபட்டியை எடுத்துக்கொள்வோம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே அமைந்த சிற்றூர் அது. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரு ஊர்களைச் சேர்ந்த 193.215 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 22 அன்று பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழகத்தில் இப்பெயர் பெற்ற முதல் இடம் இதுவே.

ஏழு குன்றுகள் தொடராக நிற்க, அவற்றினின்று வழியும் நீர் 72 ஏரிகளையும் 200 இயற்கைச் சுனைகளையும் 3 தடுப்பணைகளையும் நிரப்புவதாக அரசுக் குறிப்பு கூறும். பாண்டியர் காலத்ததாகிய ஆனைகொண்டான் ஏரியும் இவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் இங்குக் காணப்பட்டுள்ளன. லகர் வல்லூறு, சாகின் வல்லூறு, இராசாளி என்னும் மூன்று வேட்டைப் பறவைகள் அவற்றுள் சிறப்பாகக் குறிக்கத்தக்கவை. அழுங்கும் தேவாங்கும் மலைப்பாம்பும் உண்டு. கொல்லாமையைப் போதித்த முனிவர் தங்கிய குன்றில் கொன்று தின்னும் வல்லூறு வாழ்வதைக் கண்டு பிள்ளைகள் வியந்து கேட்பர். அவ்வுயிர் தன் வினைப்பயனால் எடுத்த உடலுக்கு ஏற்ப வாழ்கின்றது. மகாவிரதம் தெரிந்து ஏற்கத்தக்கவர் மனிதரே என்று எடுத்துரைக்க அது நல்ல வாய்ப்பு. முன்னர்ச் சொன்ன எச்சரிக்கை இப்பறவைகளைப் பற்றியதே. செங்குத்துப் பாறைகளின் விளிம்புகளில் இவை கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது நாம் நடக்க ஏற்றதெனக் கூறிய தை முதல் பங்குனி வரையிலான மாதங்களில்தான். கூட்டருகே மனிதர் நெடுநேரம் நின்றால் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்துவிடும். முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். ஆகவே பாறை முகட்டின் ஓரங்களை நெருங்காது, குரல் தாழ்த்தி, சிறு குழுவாகச் செல்லுதல் வேண்டும். ஐம்பது பேரை ஒரே பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஒலிபெருக்கியோடு செல்வது, ஆசாரியர் சொன்ன 'பிறரை அலையச் செய்தல்' என்பதற்கு மிக அருகில் வந்துவிடும்.

குன்றின் ஒருபால் சிவபெருமானுக்குரிய குடைவரைக் கோயில் இருக்கின்றது. தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் இலகுலீசர் சிற்பம் அங்குள்ளது. மற்றொருபால் நம் முன்னோர் தங்கிய இயற்கைக் குகைத்தளம். பாறையின் நெற்றியில், மழைநீர் உள்ளே வழியாமல் இருக்கக் காடி வெட்டப்பட்டிருப்பதை முதலில் நோக்குக. மனிதர் உறைவதற்கெனக் குகை திருத்தப்பட்டது என்பதற்கு அக்காடியே முதற் சான்று. அதனை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்தில் இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 1971-இலும் மற்றொன்று 2003-இலும் கண்டறியப்பட்டன.

அவை கூறும் செய்தி சிறிது. உணர்த்தும் பொருள் பெரிது. நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பான் இக்குகையைத் திருத்தச் செய்தான் என்கிறது ஒன்று. இலஞ்சியைச் சேர்ந்த வேள் மாப்பரவன் மகன் எமயவன் செய்வித்தான் என்கிறது மற்றொன்று. நெல்வேலி இன்றைய திருநெல்வேலியாகலாம் என்றும், இலஞ்சி குற்றாலத்தை அடுத்த ஊராகலாம் என்றும் அறிஞர் கருதுவர். அவ்வாறாயின், தெற்கே நெடுந்தொலைவில் வாழ்ந்த செல்வர் மேலூர்ப் பக்கத்துக் குன்றொன்றில் முனிவர் தங்க இடம் செய்து கொடுத்திருக்கின்றனர். தம் ஊர் முனிவர்க்குத் தம் ஊரில் மட்டும் செய்யும் தானமாக அவர்கள் இதனைக் கருதவில்லை. விகாரம் செல்லும் வழி நெடுகிலும் தங்குமிடம் வேண்டும் என்று உணர்ந்திருந்தனர். மதுரையைச் சூழ்ந்த கற்படுக்கைக் குன்றுகளைத் தனித்தனிச் சின்னங்களாகப் பார்க்காமல், ஒரு நடைவழியின் தங்குமிடங்களாகப் பார்த்தால்தான் அவற்றின் பொருள் விளங்கும்.

பிராமி எழுத்துகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது அப்பாறையில் உள்ள தீர்த்தங்கரர் திருமேனி. முக்குடை நிழலில் அமர்ந்த அத்திருவுருவின் கீழ் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, அக்குன்றைத் திருப்பிணையன் மலை என்கிறது. செய்வித்தவர் அச்சணந்தி முனிவர் என்கிறது. வடக்கே வள்ளிமலை முதல் தெற்கே சிதறால் வரை எத்தனையோ பாறைகளில் பெயர் பொறித்துச் சென்ற அதே அச்சணந்திதான். அவர் பெயர் காணப்படும் இடங்களை நிலப்படத்தில் புள்ளியிட்டு இணைக்கும்படி பிள்ளைகளிடம் கொடுத்தால், ஒன்பதாம் நூற்றாண்டில் நம் அறம் எவ்வழிகளில் நடந்தது என்பது ஓரளவு தெரியவரும். அக்கல்வெட்டு, அத்திருமேனியைக் காக்கும் பொறுப்பைப் பாதிரிக்குடியாரிடம் ஒப்படைத்து முடிகின்றது. செய்வித்தவர் முனிவர், காக்க வேண்டியவர் அவ்வூரார்.

மாங்குளம்

அரிட்டாபட்டியை அடுத்து மீனாட்சிபுரத்தில் எழும் குன்று மாங்குளம் கல்வெட்டுகளால் புகழ் பெற்றது. இராபர்ட் சுவெல் 1882-இல் இவற்றை முதன்முதலில் கண்டு குறித்தார். இங்குள்ள ஆறு கல்வெட்டுகளும் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவன் அவர்களின் முடிவு. ஏற்றம் சற்றுக் கடினமானது, இளையோர்க்கே தகும்.

இக்கல்வெட்டுகளில் வருவோரை நோக்குக. கணிநந்தன் என்னும் முனிவர்; நெடுஞ்செழியன் என்னும் பாண்டிய மன்னன்; அவனுடைய பணியாளன் கடலன் வழுதி; மன்னனின் உறவினன் ஒருவன்; வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவாகிய நிகமத்தார். மன்னனும் அதிகாரியும் வணிகரும் ஒரே முனிவர் குழாத்திற்கு அடுத்தடுத்த குகைகளில் படுக்கை அமைத்துத் தந்திருக்கின்றனர். சமணம் வெளியிலிருந்து வந்து ஒதுங்கி நின்ற சமயம் என்று கூறுவோர்க்கு, சங்ககால மன்னன் பெயரைக் கல்லில் தாங்கி நிற்கும் இக்குன்று தக்க மறுமொழி.

மொழியைப் பற்றியும் இங்கு ஒரு பாடம் உண்டு. இவ்வெழுத்துகள் வடநாட்டுப் பிராமியை ஒத்திருந்தமையால் மொழியும் பிராகிருதமே என்று முதலில் எண்ணப்பட்டது. தமிழுக்கே சிறப்பாக உரிய ழ, ற, ன போன்ற எழுத்துகள் இவற்றுள் தனி வடிவில் வருவதைக் கண்டு, இவை தமிழே என 1924-இல் நிறுவியவர் கே. வி. சுப்பிரமணிய ஐயர். தமிழ் எழுதப்பட்டமைக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய கற்சான்றுகளுள் பல, சமண முனிவரின் உறைவிடங்களில் இருக்கின்றன. பள்ளிப் பாடநூலில் ஒரு வரியாகப் படிக்கும் இச்செய்தியைப் பாறையின் முன் நின்று பார்க்கும் பிள்ளை எளிதில் மறவாது.

2024-ஆம் ஆண்டில் நேர்ந்தது

2024 நவம்பரில் இப்பகுதி முழுவதையும் கலங்கச் செய்த செய்தி ஒன்று வந்தது. நாயக்கர்பட்டி என்னும் பெயரில் 2,015.51 ஹெக்டேர் பரப்பு, டங்ஸ்டன் என்னும் கனிமத்தை அகழ்வதற்காக ஒன்றிய அரசால் ஏலம் விடப்பட்டது. பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட 193.215 ஹெக்டேரும் அப்பரப்பின் உள்ளேயே இருந்தது.

அகழ்வு நடந்திருந்தால் குகைகளை மட்டும் வேலியிட்டுக் காத்துவிடலாமே என்று சிலர் வாதிட்டனர். அது பொருந்தாத வாதம். வெடியின் அதிர்வு பாறைப் பிளவுகளை விரிக்கும். தூசு எழுத்துகளை மூடும். சுனைகளுக்கு நீர் ஊறும் வழி அறுபடும். நம் சமயநோக்கில் மற்றொன்றும் உண்டு. மலையிலுள்ள கல் நிலத்தையே உடலாகக் கொண்ட உயிர்களின் உறைவிடம் என்பது நமது சித்தாந்தம். ஆசாதரர் தம் சாகார தர்மாமிருதத்தில் சாவகர் நீக்க வேண்டிய கொடுந்தொழில்கள் பதினைந்தனுள் ஸ்போட ஜீவிகையையும் வைத்துள்ளார். மேலூர் வட்டாரத்திலேயே பல குன்றுகள் கருங்கல்லுக்காக அறுக்கப்பட்டு, இன்று நீர் தேங்கிய பள்ளங்களாகக் கிடப்பதைக் காண்போர்க்கு அந்நூலுரையின் பொருள் விளங்கும்.

சுற்றுப்புற ஊர்மக்கள் திரண்டனர். கிராமசபைகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழகச் சட்டப்பேரவை 2024 டிசம்பர் 9 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குப் பேரணியாகச் சென்றனர். ஜனவரி 23 அன்று ஒன்றிய சுரங்க அமைச்சகம் அவ்வேலத்தை நீக்கியது. வன்செயலின்றி வென்ற போராட்டம் என்பதனால் நமக்கு அது இருமடங்கு மதிக்கத்தக்கது.

இதற்கு முன்னரும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2010-இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது, நரசிங்கம் ஊரார் எதிர்த்து நின்று அதனைக் கைவிடச் செய்தனர். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கிய பசுமை நடை என்னும் அமைப்பு அதன் தொடர்ச்சியாக உருவானது. மதுரையின் குன்றுகளுக்குப் பொதுமக்களை அழைத்துச் சென்று, கல்வெட்டறிஞர் வாயிலாகச் சமண வரலாற்றை அங்கேயே விளக்கச் செய்த அப்பணியில் நம் சமயத்தார் அல்லாதாரே மிகப் பலர். அரிட்டாபட்டியில் தெருவில் இறங்கியவர்களும் அவ்வாறே. அவ்வூர்களில் நம் குடிகள் மறைந்து நூற்றாண்டுகள் பல ஆகிவிட்டன. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பக்கங்களில் வாழும் நாம், அக்குன்றுகள் நம்முடையவை என்று பெருமை பேசுகிறோம். அவற்றின் கீழே ஆடு மேய்ப்பவரும் வயல் உழுபவரும் அவற்றை உண்மையில் காத்திருக்கின்றனர். பாதிரிக்குடியாரின் பொறுப்பு அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. நாம் அங்கே செல்லும்போது உரிமையாளரைப் போலச் செல்லாமல், நன்றியுடைய விருந்தினராகச் செல்லுதல் முறை. ஊர்ப் பெரியவரைக் கண்டு வணங்கி, வழிகேட்டு, ஊர்க்கோயிலின் கட்டுப்பாடுகளை மதித்து மேலேறுக.

குன்றின்மேல் ஒழுக வேண்டியவை

பக்தியின் காரணமாக நிகழும் கேடு ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். பாறைச் சிற்பத்தைக் கண்டதும் பாலும் இளநீரும் கொண்டு அபிடேகம் செய்யவும், சந்தனமும் எண்ணெயும் பூசவும், விளக்கேற்றவும் நம்முள் பலர் விரும்புகின்றனர். திறந்த பாறையிலுள்ள திருமேனிகளுக்கு இது தகாது என்பதே நம் துணிபு. எண்ணெய்ப் பிசுக்கில் தூசு படியும். பாலின் எச்சம் பாசியையும் எறும்பையும் ஈர்க்கும். புகை கல்லைக் கறுக்கச் செய்யும். யானைமலைச் சிற்பங்கள்மீது பழைய வண்ணப்பூச்சின் சுவடுகள் இன்னும் தெரிகின்றன. ஒரே ஒரு நாள் நாம் பூசும் எண்ணெய், ஓராயிரம் ஆண்டு தங்கிய அவ்வண்ணத்தைக் கெடுத்துவிடக் கூடும். அபிடேகத்தை நம் ஊர் ஜினாலயத்தில் செய்வோம். குன்றில் பஞ்சநமஸ்காரமும் சிறிது நேரச் சாமாயிகமும் போதும். பாவபூஜை திரவியபூஜைக்குக் குறைந்ததன்று.

எழுத்து தெரிவதற்காகச் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்த்தல் கூடாது. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எழுத்துகள் தாமே நிழலிட்டுத் தெரியும். கற்படுக்கையில் பிள்ளைகளைப் படுக்க வைத்துப் படம் எடுப்பதையும் தவிர்க்கலாம். முனிவர் பலர் தவமிருந்த தலம் அது. வடிகட்டிய நீரை வீட்டிலிருந்தே கொண்டு செல்க. சுனையில் கை கால் கழுவ வேண்டா. உணவையும் இறக்கத்தையும் கதிரவன் மறைவதற்கு முன்பே முடித்துவிடும்படி புறப்பட்டால், இரவுண்ணாமையும் காக்கப்படும். பாம்பின் வழியில் நாம் குறுக்கிடுவதும் நேராது. திக்விரதம் ஏற்றவர் தாம் குறித்துக்கொண்ட எல்லைக்குள் இவ்வூர்கள் அடங்குமா என்று முன்னரே எண்ணிப் பார்த்துக்கொள்ளல் நன்று. மேலேறுதலுக்கும் எல்லை உண்டு என்பதை அவர் அறிவர்.

மற்றைக் குன்றுகள்

மதுரையைச் சூழ்ந்த எண்பெருங்குன்றங்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும். கீழவளவில் எழுத்துகள் தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் விரும்பிக் காண்பர். அழகர்மலை, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, கருங்காலக்குடி ஆகியவை ஒவ்வொன்றும் அரைநாள் நடைக்கு ஏற்றவை. முதல் முறை செல்வோர் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முயலற்க. ஒரு குன்றே போதும். அகிம்சை நடை என்ற பெயரில் நம் சமூகத்தாரே தொடங்கிய பயணங்களில் சேர்ந்து பழகியபின் மதுரைப் பக்கம் செல்வது மேலும் எளிது.

முதியோரும் சிறுவரும் உள்ள குடும்பத்திற்கு ஏற்றது, மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் உள்ள சமணர் மலை. அடிவாரத்தில் ஆலமரமும் தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் உள்ளன. செட்டிப்புடவு என்னும் குகைப்பக்கத்தில் பெரிய தீர்த்தங்கரர் திருமேனி அமர்ந்திருக்கின்றது. உள்ளே, சிங்கத்தின்மேல் அமர்ந்து யானைமேல் வருவோனை எதிர்க்கும் இயக்கியின் சிற்பம் காணத்தக்கது. பேச்சிப்பள்ளம் செல்லப் படிகள் உண்டு. அங்கே சுனையை ஒட்டி வரிசையாக எட்டுத் திருமேனிகள். அவற்றுள் பாகுபலியையும் பார்சுவநாதரையும் பிள்ளைகள் தாமே அடையாளம் கண்டு சொல்லட்டும். கொடி சுற்றிய கால்களும் ஐந்தலை நாகக்குடையும் அவர்களுக்கு வழிகாட்டும். அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனியும் அவ்வரிசையில் உள்ளது. அதன் கீழ் அவர் பெயரை வட்டெழுத்தில் காணலாம். இன்னும் மேலேறினால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. முழங்கால் நோவுள்ளோர் அவ்வளவு உயரம் செல்ல வேண்டியதில்லை. பேச்சிப்பள்ளத்துச் சுனையருகே அமர்ந்திருந்து, மேலே சென்றோர் இறங்கியபின் அவர்களோடு திரும்பலாம்.